பாத் ஒஃப் எக்ஸைலில் பில்ட் கட்டுவது: கடைக்கு வரும் பெடியள் கேட்கிற கேள்விகள்

கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பின்னேரம் ரியூசன் முடிந்து போகிற பெடியள் சார்ஜர் பார்க்கிற சாட்டில் உள்ளே வந்து, கடைசியில் இந்த விளையாட்டைப் பற்றித்தான் கதைப்பார்கள். ஒரே பதிலை வட்ஸப்பில் பத்துத் தடவை தட்டி விரல் நொந்துபோனதால் எல்லாவற்றையும் இதில் எழுதிவிட்டேன். நான் பெரிய விண்ணன் இல்லை. கனகாலமாக விளையாடுகிறேன், கனதரம் செத்திருக்கிறேன்.

அண்ணை, முதலில் இது என்ன விளையாட்டு? பில்ட் எண்டால் என்ன?

நியூசிலாந்துக் கம்பனியான கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013 ஒக்டோபரில் வெளியிட்ட விளையாட்டு. இலவசம். மேலேயிருந்து பார்க்கிற கோணத்தில் கூட்டம் கூட்டமாக வருகிற பேய்பிசாசுகளை அடித்துக்கொண்டு போக வேண்டும். பத்து அங்கம் கொண்ட கதை இருக்கிறது. கதை முடிந்த பிறகு மப் என்று ஒரு முடிவில்லாத பகுதி திறக்கும். உண்மையான விளையாட்டு அங்கேதான் தொடங்குகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குக் கதைப் பகுதியும் பிடிக்கும்.

எந்த ஸ்கில்லால் (தாக்கும் திறனால்) அடிக்கிறீர்கள், அதற்குப் பலம் கொடுக்க என்ன துணை ஜெம் (கல்) போட்டிருக்கிறீர்கள், ஆளைப் பலப்படுத்துகிற புள்ளிகள் உள்ள திறன் மரத்தில் எந்தப் புள்ளிகளை எடுத்தீர்கள், உடம்பில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்ற நான்கும் சேர்ந்ததுதான் பில்ட். இந்த நான்கும் ஒரே பக்கம் இழுத்தால் பில்ட். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அது வெறும் மூட்டை.

அந்த மரத்தைத் திறந்த உடனே தலை சுத்துது. எங்கே தொடங்கிறது?

எல்லாருக்கும் சுத்தும். ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ள மரம் அது. ஏழு கிளாசுக்கும் (ஆள் வகைக்கும்) அது ஒரே மரம்தான். தொடங்கும் இடம் மட்டுமே வேறு. பலத்தை நம்புகிற மரோடர் ஒரு மூலையில், அம்பு விடுகிற ரேஞ்சர் இன்னொரு மூலையில், மந்திரம் செய்கிற விச் மேலே. மற்றவர்கள் இடையில். சயன் மட்டும் நட்டநடுவில்.

நூறாம் லெவல் வரை போனாலும் கையில் கிடைப்பது ஏறக்குறைய 120 புள்ளிகள். ஆகவே மரத்தில் பத்தில் ஒன்பது பங்கை நீங்கள் தொடவே போவதில்லை. இது விளங்கினாலே பாதிப் பயம் போய்விடும். எதை எடுப்பது என்று யோசிக்காமல் எதை விடுவது என்று யோசியுங்கள்.

என்னுடைய முதல் ஆள் ஒரு ரேஞ்சர். வழியில் கண்ட நல்ல புள்ளி எல்லாவற்றையும் எடுத்தேன். கொஞ்சம் வில், கொஞ்சம் வாள், ‘நெருப்பும் நல்லதுதானே’ என்று கொஞ்சம் நெருப்பு. ஒரு மடைத் தண்ணீரைப் பத்து வயலுக்கும் வெட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு வயலும் நனையவில்லை. அறுபதாம் லெவலைத் தாண்டியபோது சாதாரண எலும்புக்கூட்டை விழுத்தவே நான்கு அம்பு தேவைப்பட்டது. அந்த ஆளை அப்படியே விட்டுவிட்டேன். இன்னும் அந்தக் கணக்கில் நிற்கிறாள்.

ஆகவே, முதலில் ஒரே ஒரு ஸ்கில்லைத் தெரிவு செய்யுங்கள். பிறகு மரத்தின் தேடல் பெட்டியில் அது சம்பந்தப்பட்ட சொல்லைத் தட்டுங்கள். பொருந்துகிற புள்ளிகள் மினுங்கும். உங்கள் தொடக்க இடத்துக்குக் கிட்ட எங்கே கூட்டமாக மினுங்குகிறதோ அந்தப் பக்கம் நடவுங்கள். நடுவில் உயிர் கூட்டும் புள்ளி வந்தால் கட்டாயம் எடுங்கள்.

மற்றவன்ர பில்டைப் பார்த்துச் செய்யிறது கள்ளவேலை இல்லையோ?

இல்லை. அம்மாவிடம் கேட்காமல் எவன் முதல் தரமே சரியாக ஒடியல் கூழ் காய்ச்சினான்?

இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அந்தக் குறிப்பு எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று. பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு புது லீக் (எல்லாரும் முதலிலிருந்து தொடங்குகிற புதுப் பருவம்) வரும். அப்போது ஸ்கில்களின் எண்கள் மாறும். மூன்று வருடத்துக்கு முந்தின வீடியோவைப் பார்த்துக் கட்டிவிட்டு ‘வேலை செய்யுதில்லை’ என்று கடைக்கு வந்து முறையிட வேண்டாம். இரண்டாவது, ஒவ்வொரு புள்ளியையும் எடுக்கும்போது ‘இது ஏன் இங்கே?’ என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் கேளுங்கள். ஒரு பில்டை இப்படிக் கேள்வி கேட்டு முடித்தவனுக்கு அடுத்ததைச் சொந்தமாகத் தொடங்கப் பயம் இருக்காது.

இன்கிரீஸ்ட், மோர் ரெண்டும் கூடினது எண்டுதானே அர்த்தம்? ஏன் வேறவேறயாய்ப் போட்டிருக்கிறாங்கள்?

முழு விளையாட்டிலும் முக்கியமான கேள்வி இதுதான். ஒரு கொப்பி பேனை எடுங்கள்.

உங்கள் அடி 100 என்று வைப்போம். 20 வீத இன்கிரீஸ்ட் ஐந்து இடத்தில் இருக்கிறது. அவை எல்லாம் ஒரே பையில் விழுந்து கூடும்: 20 ஐந்து தரம், 100 வீதம். அடி 200 ஆகிறது. இப்போது மரத்தில் இன்னொரு 40 வீத இன்கிரீஸ்ட் எடுக்கிறீர்கள். அதுவும் அதே பைக்குள் போய் 140 வீதமாகும். அடி 240. அதாவது 40 என்று எழுதியிருந்தது உண்மையில் தந்தது 20 வீதம்தான்.

அதே இடத்தில் 40 வீத மோர் உள்ள துணை ஜெம் ஒன்றைப் போட்டிருந்தால்? மோர் பைக்குள் விழாது. கடைசி விடையைப் பெருக்கும். 200 இன் 1.4 மடங்கு 280. இன்னொரு மோர் போட்டால் அந்த 280 ஐயும் பெருக்கும்.

ஆகவே மரத்தில் இன்கிரீஸ்ட் கனக்க எடுத்துவிட்டவர்களுக்கு மேலும் இன்கிரீஸ்ட் தேடுவது மழைக்குள் நின்று தண்ணீர் வார்ப்பது. அவர்கள் மோர் தேட வேண்டும். குறைப்பதற்கும் இதே விதிதான்: ரிடியூஸ்ட் பைக்குள் கழியும், லெஸ் பெருக்கிக் குறைக்கும். சாதாரண தரத்துக்குச் சதவீதம் படித்த எவருக்கும் இவ்வளவும் போதும். கணிதத்தில் சித்தியடையாத ஒரு பெடியன் இதைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டு எனக்கே திருப்பிப் பாடம் எடுத்தான்.

என்ர அடி நல்லாத்தான் இருக்கு. ஆனால் சும்மா நடக்கேக்கயே சாகிறன். ஏன்?

ரெசிஸ்ட், அதாவது விழுகிற அடியில் எத்தனை வீதத்தைத் தடுக்கிறீர்கள் என்பது. பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் வருத்தம்.

நெருப்பு, குளிர், மின்னல் என்று மூன்று. ஒவ்வொன்றும் சாதாரணமாக 75 வீதம் வரை போகும். ஐந்தாம் அங்கத்தின் முடிவில் கிடாவா என்ற பெரிய எதிரியை வென்றதும் மூன்றிலும் 30 வீதம் வெட்டுவார்கள். பத்தாம் அங்கம் முடிய இன்னொரு 30. ஆக 75 இல் நிற்க வேண்டும் என்றால் கியரிலும் (உடம்பில் போடுகிற பொருட்களிலும்) மரத்திலும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 135 வீதம் தேட வேண்டும். இந்த வெட்டைப் பெரிதாக ஒருவரும் அறிவிப்பதில்லை. அதனால்தான் ஆறாம் அங்கத்தில் திடீரென்று எல்லாமே கொல்லத் தொடங்குகிறது.

50 இலிருந்து 75 க்குப் போவது 25 வீத லாபம் என்று நினைக்கிறீர்களா? 50 இல் நூறில் 50 அடி உள்ளே வரும். 75 இல் 25. பாதியாகிவிட்டது! உயிரை இரட்டிப்பாக்கினதற்குச் சமம். இதை விட்டுவிட்டு இன்னும் பத்து வீத டமேஜ் தேடி அலைகிறவர்களை என்ன சொல்ல. கேயோஸ் என்று நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்குறியிலிருந்து மேலே கொண்டுவந்தால் நல்லது, ஆனால் அவசரமில்லை.

ஆர்மர் பத்தாயிரம் இருக்கு, அப்பிடியும் பெரிய பொஸ் ஒரே அடியில முடிக்கிறான்?

ஆர்மர் (கவச எண்) சின்ன அடிக்குத்தான் நல்ல குடை. கணக்கு இப்படி: ஆர்மரை, ஆர்மரோடு அடியின் ஐந்து மடங்கைக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். ஆர்மர் 10,000, அடி 1,000 என்றால் 10,000 ஐ 15,000 ஆல் வகுக்க 66 வீதத்துக்குச் சற்றுக் கூட. அதே ஆர்மருக்கு 5,000 அடி விழுந்தால் 10,000 ஐ 35,000 ஆல் வகுக்க 28 வீதம் சொச்சம். குடை அதேதான், மழை வேறு. அத்தோடு அது உடல்சார்ந்த அடிக்கு மட்டும். பொஸ்ஸின் நெருப்புக்கு ஆர்மர் வழமையாக ஒன்றும் செய்யாது.

ஒரு பில்டை எடுத்து உள்ளுக்க என்ன நடக்குதெண்டு காட்டுவீங்களோ?

சரி. ரைச்சியஸ் ஃபயர். நான் புதியவர்களுக்கு அடிக்கடி காட்டுவது இதைத்தான், ஏனென்றால் இதன் எலும்பெல்லாம் வெளியே தெரியும்.

இந்த ஸ்கில்லைப் போட்டதும் உங்கள் உடம்பே தீப்பற்றும். கிட்ட வருகிற எல்லாம் எரியும். குறிபார்க்கத் தேவையில்லை, பக்கத்தில் போய் நின்றால் போதும். ஆனால் நீங்களும் எரிவீர்கள்: ஒவ்வொரு நொடியும் உங்கள் முழு உயிரில் 90 வீதம் நெருப்பு அடியாக விழும்.

உயிர் 4,000 என்று வைப்போம். 90 வீதம் 3,600. நெருப்பு ரெசிஸ்ட் 75 என்றால் அதில் கால்வாசிதான் உள்ளே வரும்: நொடிக்கு 900. ஆகவே உங்கள் உயிர் நொடிக்கு 900 க்கு மேல் தானாக ஊற வேண்டும். இல்லாவிட்டால் நீங்களே உங்களைச் சுட்டுச் சாம்பலாக்குவீர்கள். இப்போது நெருப்பு ரெசிஸ்ட்டின் உச்சத்தை 75 இலிருந்து 85 க்கு உயர்த்துகிற பொருட்களையும் புள்ளிகளையும் தேடிப் பிடிக்கிறீர்கள். 3,600 இல் 15 வீதம், 540. பத்து வீதம் உயர்த்தியதற்கு நொடிக்கு 360 மிச்சம்.

இன்னொன்று: எரிக்கிற அளவும் உங்கள் முழு உயிரை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஆகவே உயிர் கூட்டினால் சாகாமலும் இருப்பீர்கள், அடியும் கூடும். உயிர், ஊறல், நெருப்பு ரெசிஸ்ட், நெருப்பு எரிப்பு, இந்த நான்கைத் தவிர வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்கத் தேவையில்லை. கிரிட்டிக்கல் (இடைக்கிடை பலமாக விழுகிற அடி) புள்ளி எவ்வளவு மினுங்கினாலும் உங்களுக்கு அது குப்பை. எதை விடுவது என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

ஆனால் முதல் நாளே இதைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். ஊறலும் ரெசிஸ்ட்டும் சேரும்வரை ஃபயர் ட்ரப் (நெருப்புப் பொறி எறிகிற ஸ்கில்) மாதிரி ஒன்றால் லெவல் ஏற்றுங்கள்.

லிங்க், துணை ஜெம் பற்றி?

ஸ்கில் என்பது ஒரு ஜெம். அதைக் கியரின் ஓட்டைக்குள் போட வேண்டும். ஓட்டைகள் கோட்டால் இணைந்திருந்தால் துணை ஜெம்கள் அந்த ஸ்கில்லுக்குப் பலம் கொடுக்கும். உடற்கவசத்திலும் இருகை ஆயுதத்திலும் ஆறு வரை இணையும், அதாவது ஒரு ஸ்கில்லுக்கு ஐந்து துணை. கதை முடியும்வரை நான்கு லிங்க் தாராளம். ஆறு லிங்க்குக்காகக் கையிலுள்ள எல்லாவற்றையும் செலவழிக்காதீர்கள்.

துணை ஜெம்மின் குறிச்சொற்களை வாசியுங்கள். நேரடி வெட்டுக்கானது மந்திரத்துக்கு உதவாது. துணை கூடக் கூட மானாச் (ஸ்கில் பாவிக்கத் தேவையான சக்தி) செலவும் கூடும், அதையும் பாருங்கள்.

லபிரிந்த் கட்டாயமோ?

கட்டாயம். லபிரிந்த் என்பது பொறிகள் நிறைந்த சிக்கல்வழி. அதை முடித்தால் உங்கள் கிளாசுக்கான தனிச் சின்ன மரத்தில் ஒவ்வொரு தரமும் 2 புள்ளி, நான்கு தரத்துக்கு 8. மரத்தில் இருபது புள்ளி தராததை இந்த 2 தரும். முதலாவதுக்குப் போக முன்னர் முதல் மூன்று அங்கங்களிலும் சேர்த்து ஆறு சோதனை இடங்களை முடித்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டு போகையில் தவறவிட்டுப் பிறகு திரும்பிப் போய்த் தேடுவது பெரிய கரைச்சல்.

பிழையாப் போட்டிட்டன். அழிக்கேலாதோ?

முடியும். ஓர்ப் ஒஃப் ரிக்ரெட் என்ற பொருள் ஒன்றுக்கு ஒரு புள்ளி திரும்பும். கதைப் பணிகளிலும் கொஞ்சம் சும்மா தருவார்கள். பத்துப் பதினைந்து புள்ளி என்றால் திருத்துங்கள். ஐம்பதைத் தாண்டினால் புது ஆளைத் தொடங்குவதே நல்லது. இரண்டாம் ஆள் முதல் ஆளின் பாதி நேரத்தில் வருவான்.

எங்கட லைனுக்கும் கரண்டுக்கும் இது சரிவருமோ?

வன்னியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை யாரும் கடைசியாகக் கேட்கக்கூடாது. பில்டையே தீர்மானிக்கிற கேள்வி இது.

விளையாட்டு முழுக்க ஒன்லைன். டவுன்லோட் முப்பது ஜிபிக்கு மேல். பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அதில் இறக்குங்கள். கேட்வே (எந்த ஊர்ச் சேர்வர்) தெரிவில் சிங்கப்பூரைப் போட்டுப் பாருங்கள், எங்களுக்கு அது கிட்ட. நெட்வேர்க் அமைப்பில் லொக்ஸ்டெப், பிரிடிக்டிவ் என்று இரண்டு இருக்கும். லொக்ஸ்டெப்பில் சேர்வர் பதில் சொன்ன பிறகுதான் ஆள் அசையும். லைன் நன்றாக இருந்தால் அதுதான் துல்லியம். பின்னேர நேரத்தில் லைன் இழுபட்டால் பிரிடிக்டிவ்வுக்கு மாறுங்கள். உடனே அசைவான், ஆனால் இடைக்கிடை ஆளைப் பின்னுக்குத் தூக்கிப் போடும்.

இழுபடுகிற லைனுக்குக் குறிபார்த்து, விலகி, நேரம் பிடித்து அடிக்கிற பில்ட் ஒத்துவராது. தானாக எரிக்கிற ரைச்சியஸ் ஃபயர், உங்களுக்காகச் சண்டை பிடிக்கிற எலும்புக்கூட்டுப் படை, நட்டுவிட்டு ஒதுங்கக்கூடிய டோட்டம் என்பவைதான் நல்லது.

கரண்ட் போனால்? உங்கள் லைன் அறுந்தது சேர்வருக்கு விளங்கச் சில நொடி ஆகும். அந்தச் சில நொடியும் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். மப்பில் செத்தால் அந்த லெவலுக்குத் தேவையான அனுபவத்தில் 10 வீதம் போய்விடும். போன மாரியில் 92 ஆம் லெவலில் 97 வீதத்தில் நின்றேன். வெளியே ஒரு இடி, றவுட்டர் அணைந்தது. திரும்பி வந்து பார்க்க 87 வீதம். லப்டொப்பில் பற்றரி இருந்து என்ன பயன், றவுட்டருக்கு இல்லையே. அடுத்த கிழமையே றவுட்டருக்குச் சின்ன பற்றரி ஒன்று பூட்டினேன். செத்தால் ஆள் சாதாரண லீக்குக்குப் போய்விடுகிற ஹார்ட்கோர் பக்கம் மாரி காலத்தில் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

இன்னொரு வசதி: பாத் ஒஃப் பில்டிங் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய லப்டொப்பிலும் ஓடும். இறக்கிய பிறகு பில்ட் போட்டுப் பார்க்க லைனே தேவையில்லை. ஒரு புள்ளியின் மேல் மவுஸை வைத்தால் அடி எவ்வளவு கூடும், உயிர் எவ்வளவு கூடும் என்று காட்டும். லைன் இல்லாத இரவுகளில்தான் நான் இந்த விளையாட்டைப் படித்தேன்.

இங்கிலீஸ் சரியாத் தெரியாது அண்ணை.

நாற்பது ஐம்பது சொல் போதும். ஆனால் அந்தச் சொற்களுக்கு அகராதி அர்த்தம் வேறு, இங்கே அர்த்தம் வேறு. ரீசன்ட்லி என்றால் அகராதியில் ‘அண்மையில்’. இங்கே கடந்த 4 நொடி, ஐந்தாவது நொடி சேராது. காணி உறுதியில் எழுதின சொல் மாதிரி வாசிக்க வேண்டும். ஒரு கொப்பியில் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்த ஒரு தங்கச்சி இப்போது என்னைவிட வேகமாக ஜெம் வாசிக்கிறாள்.

தம்பி, இது பிள்ளையளிட்ட காசு பறிக்கிற சாமானோ? (ஒரு அம்மா கேட்டது)

இல்லை அக்கா. பலத்தைக் காசுக்கு விற்பதில்லை. அலங்காரமும் பொருள் வைக்கிற பெட்டிகளும்தான் விற்கிறார்கள். கனக்க விளையாடுகிறவர்களுக்குப் பெட்டி ஒன்றிரண்டு தேவைப்படும், இல்லாமலும் சமாளிக்கலாம். காசைவிட நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். புது லீக் தொடங்கும்போது எல்லாரும் பூச்சியத்திலிருந்து தொடங்குவார்கள். முதல் கிழமை விதைப்புக் காலம் மாதிரி, பெடியள் நித்திரை கொள்ளமாட்டாங்கள். உயர்தரச் சோதனையும் அந்தக் கிழமையும் ஒன்றாக வந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானே கதைக்கிறேன்.

இரண்டாம் பாகத்தில தொடங்கட்டோ?

2024 டிசம்பர் 6 இல் முன்னோட்டமாகத் திறந்தார்கள். அதில் துணை ஜெம்கள் கியருக்குள் அல்ல, ஸ்கில் ஜெம்முக்குள்ளேயே போகும். மரப் புள்ளியைத் தங்கம் கொடுத்துத் திருப்பலாம். பழகுவதற்கு இலகுதான். ஆனால் கனமான விளையாட்டு, பழைய லப்டொப் மூச்சுவாங்கும். மேலே எழுதிய எண்கள் முதலாம் பாகத்துக்கானவை.

என்ர ஆளை ஒருக்காப் பார்த்துச் சொல்லுவீங்களோ?

பார்ப்பேன். போன கிழமை முரசுமோட்டையிலிருந்து ஒரு பெடியன் லப்டொப்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தான். 47 ஆம் லெவல், ஆறாம் அங்கம், கடற்கரையிலேயே சாகிறான். ‘மரம் பிழைச்சுப்போச்சு, அழிச்சுப்போட்டுத் திருப்பிக் கட்டவோ?’ என்று கேட்டான். மரத்தைத் திறக்கவேயில்லை. ஆளின் விபரத்தைத் திறந்தேன். குளிர் ரெசிஸ்ட் மறை 18. கிடாவாவின் வெட்டு. கையில் இரண்டாம் லெவலில் எடுத்த இரண்டு இரும்பு மோதிரம்.

இரும்பு மோதிரத்தோடு ஒரு பச்சை ஸ்கில் ஜெம்மைச் சேர்த்து வியாபாரியிடம் கொடுத்தால் நீலக்கல் மோதிரம் தருவான். இரண்டு செய்தோம். ஒன்றில் குளிர் 27, மற்றதில் 24. சப்பாத்தில் இன்னொரு குணம் சேர்க்க இடம் இருந்தது, விளையாட்டுக்குள் இருக்கிற பட்டறையில் இன்னொரு 18 போட்டோம். மறை 18 போய் 51 ஆகிவிட்டது. நூறுக்கு 118 அடி விழுந்த இடத்தில் இனி 49. செலவு கால்மணி நேரமும் ஒரு பிளேன்ரீயும். போகும்போது ‘அப்ப நெருப்பு எவ்வளவு இருக்கோணும்?’ என்று கேட்டுக்கொண்டே லப்டொப்பைக் கரியரில் கட்டினான்.